பெங்களூர் மழையில் எபாக்ஸி

தூண்டில் ராடுக்கு என்று செய்யப்படும் எபாக்ஸி எங்கிருந்து வந்தாலும் புட்டியோடு ஒரு துண்டுத்தாள் இருக்கும். ரெசினையும் ஹார்ட்னரையும் சம அளவு எடு, கலக்கு, பூசு, அறை வெப்பநிலையில் ஒரு நாள் விடு. அவ்வளவுதான். முதல் மூன்றும் எந்த ஊரிலும் ஒன்றே. நாலாவதில்தான் சிக்கல். அந்தத் தாளை எழுதியவரின் அறை வருஷம் முழுக்க 22, 24 டிகிரியில் நிற்கும். ஜன்னல் மூடியிருக்கும், காற்று காய்ந்திருக்கும். லிங்கராஜபுரத்தில் என் அறைக்கு ஜன்னலில் ஒரு கொசுவலை மட்டுமே. வெளியே என்ன காற்றோ அதுதான் உள்ளேயும்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே வெயில் கொல்லாது, குளிர் நடுக்காது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் புகழ்வார்கள். மனிதர்களுக்கு அது சரி. எபாக்ஸிக்கு இந்த ஊர் ஒரு குழப்பம். ஏப்ரல் மதியம் 34 டிகிரி, ஜனவரி விடியற்காலை 15 டிகிரி, ஆகஸ்டில் நாள்முழுக்கத் தூறல். ஒரே புட்டி இந்த மூன்று பருவத்திலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பிரஷ் பிடிக்கும் கைநேர்த்தியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரஷைத் தொடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

ராட் கட்டுவது தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிளாங்க் என்று ஒரு வெறும் தண்டு, கார்பனோ கண்ணாடி இழையோ. அதன் மேல் தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்கள், அதாவது கைடுகள். ஒவ்வொரு கைடுக்கும் தண்டோடு படிகிற பாதம் உண்டு. அந்தப் பாதத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தண்டோடு கட்டுகிறோம். பிடிப்பைத் தருவது நூல். எபாக்ஸி அந்த நூலுக்குள் இறங்கி, மேலே கண்ணாடிபோல் மூடி, தண்ணீரும் உராய்வும் நூலைத் தொடாமல் காக்கிறது. எபாக்ஸிதான் கைடை ஒட்டிவைத்திருக்கிறது என்று நினைப்பவர்கள் நூலைத் தளர்வாகச் சுற்றிவிட்டு மேலே கெட்டியாக ஊற்றுவார்கள். மீன் ஒருமுறை இழுத்ததும் பாதத்தின் நுனியில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் வெடிப்பு.

சொந்தமாகக் கட்டியதைவிட, அக்கம்பக்கத்தார் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ராட்களைப் பிரித்ததில்தான் நான் அதிகம் கற்றேன். பீமேஸ்வரி, காலிபோரே பக்கம் காவிரியில் மஹ்சீர் மீனைப் பிடித்துவிட்ட காலத்து ராட்கள் சில இன்னமும் பெங்களூர் வீடுகளின் பரண்களில் இருக்கின்றன. 1972இல் தொடங்கிய வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா அந்த ஆற்றுப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காத்தது. பிடித்த மீனைத் திரும்ப விடுவது அங்கே கட்டாயம். அந்தப் பகுதி சரணாலயம்; அதற்குள் தூண்டில் போடுவது பின்னாளில் நின்றுபோயிற்று. காவிரியின் திமில் மஹ்சீருக்கு டோர் ரெமாதேவி என்று அறிவியல் பெயர் உறுதியானதும், அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியதும் 2018இல். ராட்கள் மட்டும் மிச்சம். மஞ்சளாகி, சுற்றின் ஓரம் வெடித்து, நூல் கறுத்துப்போய் வரும்.

அந்த ராட்களுக்கும் முந்திய தலைமுறை எபாக்ஸியையே அறியாது. மைசூரு வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்தது 1946இல். சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனம் அரால்டைட்டைப் பொருட்காட்சியில் முதன்முதலாக வைத்ததும் அதே வருஷம்தான். அக்காலத்து மூங்கில் ராட்களில் பட்டுநூல் சுற்றி வார்னிஷ் பூசுவார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயர்தர ராட் செய்தவர்கள் தேடி வாங்கியது நம் கல்கத்தா மூங்கிலை. பிறகு சீனாவின் டோங்கின் மூங்கில் வந்து அதை ஓரம்கட்டியது.

சரி, அளவுக்கு வருவோம். வொயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி ஒருவன் விரால் ராட் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது."

"ஹார்ட்னர் எவ்வளவு போட்டே?"

"கொஞ்சம் தாராளமாவே போட்டேண்ணா. சீக்கிரம் காயட்டும்னு."

இந்தப் பதிலை நான் கேட்காத வருஷம் இல்லை. எபாக்ஸி பெயிண்ட் அல்ல, காய்வதற்கு. ரெசினின் மூலக்கூறும் ஹார்ட்னரின் மூலக்கூறும் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுகின்றன. ஹார்ட்னரைக் கூட்டினால் ஜோடி கிடைக்காத ஹார்ட்னர் உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். குறைத்தாலும் அதே கதைதான், தங்குவது ரெசின். வேகம் வேண்டுமென்றால் வெப்பத்தைத்தான் கூட்ட வேண்டும். ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிக்கும்.

ராடுக்கான எபாக்ஸி பெரும்பாலும் கன அளவில் ஒன்றுக்கு ஒன்று. கன அளவு என்பதை அடிக்கோடிட வேண்டும். நகைத் தராசு வைத்திருப்பவர்கள் அதில் சமமாக நிறுத்துக் கலக்குகிறார்கள். ரெசின் ஹார்ட்னரைவிடக் கனமானது. எடை சமமானால் அளவு சமமாகாது. தாளில் எடை விகிதம் தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் தராசைத் தொடுங்கள். இல்லையென்றால் சிரிஞ்ச்தான். ஒரு மில்லி போதும் என்ற வேலைக்கும் நான் மூன்று மில்லி ரெசின், மூன்று மில்லி ஹார்ட்னர் எடுப்பேன். கண் 0.2 மில்லி பிசகினால் ஒரு மில்லியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மில்லியில் பதினைந்தில் ஒரு பங்கு. மீந்தது வீண்தான். ராடைப் பிரித்து மறுபடி சுற்றுவதைவிட மலிவு.

ரெசினுக்கு ஒரு சிரிஞ்ச், ஹார்ட்னருக்கு வேறொன்று. கலர் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள், புட்டி மூடிகளுக்கும் சேர்த்து. மருந்துக்கடை சிரிஞ்சில் ஒரு கெடுதல் உண்டு: உள்ளே உருளை வழுக்கி நகர்வதற்காக சிலிகான் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது துளியூண்டு எபாக்ஸியில் கலந்தாலும் பூச்சில் மீன்கண் போலப் பள்ளம் பள்ளமாக விழும். எபாக்ஸி அந்த இடத்தை விட்டு விலகி ஓடும். ரப்பர் இல்லாத, இரண்டு துண்டில் ஆன பிளாஸ்டிக் சிரிஞ்ச் கிடைக்கிறது, பரிசோதனைச்சாலைப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் தருவார்கள். அதுதான் சரி.

கைவினைப் பொருள்களுக்கான ரெசின் இப்போது எங்கும் கிடைக்கிறது. கடிகாரம், தட்டு, சாவிக்கொத்து செய்கிறார்களே, அது. விலை குறைவு என்பதால் அதை ராடுக்குப் பூசலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பூசலாம், இறுகவும் இறுகும். ஆனால் அதில் பல 2:1, 3:1 விகிதம். சம அளவு என்று நினைத்துக் கலந்தால் கெட்டது. விகிதம் சரியாக இருந்தாலும் அது மேஜைக்கான பூச்சு. வளைவதற்காகச் செய்ததல்ல. ராட் வளையும்போது கூடவே வளைகிற எபாக்ஸி வேறு வகை. ஐந்து நிமிடத்தில் இறுகும் ஒட்டுப்பசை இன்னும் மோசம். முனை வளையத்தை அவசரத்துக்கு ஒட்டலாம், நூலின் மேல் வேண்டாம். நூலுக்குள் இறங்கவே அதற்கு நேரமில்லை.

டிசம்பர், ஜனவரியில் ரெசின் புட்டியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக மணல் மணலாக நிற்கலாம். கெட்டுப்போயிற்று என்று தூக்கி எறிய வேண்டாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரிதான் இதுவும். மூடியை இறுக மூடி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவையுங்கள், கண்ணாடியாகத் தெளியும். ஒரு பரல்கூட மிச்சமிருக்கக் கூடாது. அது விதையாகி மறுபடி உறையும். உறையாவிட்டாலும் குளிர்நாளில் இரண்டு புட்டியையும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்தெடுப்பது நல்லது. குளிர்ந்த ரெசின் கெட்டியானது. குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிரிஞ்சிலும் அளவு பிசகும்.

கலக்குவதற்கு அவசரமும் கூடாது, வேகமும் கூடாது. அடி தட்டையான சிறு கிண்ணம், ஓரம் வளையாத குச்சி. மூன்று நான்கு நிமிடம் நிதானமாகச் சுழற்றி, சுவரையும் அடியையும் குச்சியின் பக்கத்தையும் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்கும்போது முதலில் புகைபோல் கோடுகள் ஓடும். அவை முழுக்க மறைந்த பிறகும் ஒரு நிமிடம். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து ஓர் அலுமினியத் தாளின் மேல் பரப்பிவிடுங்கள். கிண்ணத்தில் குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே சூடாகிச் சீக்கிரம் இறுகிவிடும்; தாளில் மெல்லிசாகப் பரந்தால் சூடு வெளியேறும், குமிழியும் மேலே வந்து உடையும். கிண்ணத்தின் சுவரில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்காதீர்கள். கலவை சரியாகச் சேராதது அங்கேதான் இருக்கும். ராடில் ஓரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அந்தச் சுரண்டல்தான் காரணம்.

தாளில் மீந்ததை எறியாமல் ராடுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மறுநாள் ராடைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். ராடில் விரல்ரேகை விழாது.

சுற்றும் மோட்டார் இல்லாமல் இந்த வேலை இல்லை. பூசிய எபாக்ஸி இறுக ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை ராட் படுக்கைவாட்டில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் கீழ்ப்பக்கம் தொங்கும். எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரிக்கல் சந்தில் நுழைந்தாலும் சிங்க்ரனஸ் மோட்டார் கிடைக்கும். "எஷ்டு ஸ்பீடு பேக்கு சார்?" (எவ்வளவு ஸ்பீடு வேணும்) என்றுதான் முதல் கேள்வி. நிமிடத்துக்கு 5 முதல் 18 சுற்றுக்குள் எதுவும் சரி. நான் 10 பக்கம் இருப்பதை வாங்குவேன். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டாரும் உதவும், அதில் 5 சுற்று வேகம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சிலவற்றில் பாதி வேகம்தான், அது போதாது. 230 வோல்ட்டா, 21 வோல்ட்டா என்று மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு ப்ளக்கில் சொருகுங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மோட்டார் தின்பது நாலைந்து வாட். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் போடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போவது எப்போதும் பூச்சு பூசி ஒரு மணி நேரத்துக்குள்தான். இன்வெர்ட்டர் இல்லையென்றால் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிடமும் கால் சுற்றுத் திருப்ப வேண்டியதுதான்.

சுற்றும் பொருளின் மேல் பூச்சு ஏற்றும் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டால் மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போய் சென்னபட்டணத்தில் இறங்குங்கள். கடைசலில் மரம் சுற்றும்; அரக்குக் கட்டியை அழுத்துவார்கள்; உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தி மெருகேற்றுவார்கள். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. யாரும் ஒரே தடவையில் கனமாக ஏற்றுவதில்லை. மெல்லிசாக, இன்னும் கொஞ்சம் மெல்லிசாக. ராடுக்கும் அப்படித்தான். இரண்டு மெல்லிய பூச்சு ஒரு கனத்த பூச்சைவிட எப்போதும் மேல். கனமாகப் பூசினால் சுற்று ரக்பி பந்துபோல நடு உப்பி நிற்கும். முனைப்பக்கத்துச் சிறு கைடுகளில் அந்த எடை ராடின் துடிப்பையே மந்தமாக்கிவிடும்.

முதல் பூச்சு நூலுக்குள் இறங்குவதற்கு. பளபளப்பை அதில் தேடாதீர்கள். ராட் மெதுவாகச் சுற்றும்போது தட்டை பிரஷில் கொஞ்சமாக எடுத்து, கைடு பாதத்தின் இரண்டு பக்கத்திலும் நூலுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் சுரங்கத்தை முதலில் நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மங்களூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டிலோ கொடுவாய்க்குப் போட்ட ராடாக இருந்தால் உப்பும் போகும். பாதம் துருப்பிடிப்பது அங்கிருந்துதான். பிறகு சுற்று முழுவதும். நூல் முடியும் ஓரத்தைத் தாண்டித் தண்டின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை எபாக்ஸி போக வேண்டும். ஓரம் மூடாத சுற்று திரிபோல் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஓரக் கோடு நேராக வர பிரஷை அசைக்கக் கூடாது. கை நிற்கட்டும், ராட் சுற்றட்டும்.

பத்து நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். மிகையான எபாக்ஸி கீழ்ப்பக்கம் துளியாகத் திரளும். உலர்ந்த பிரஷால் அதைத் தொட்டு எடுத்துவிட்டு அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் நிறுத்துங்கள். துளி திரளாத வரைக்கும். வீட்டில் கட்டிய ராடையும் கடையில் வாங்கியதையும் பிரித்துக்காட்டுவது இந்த ஒரு பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

மிச்சக் குமிழிகளுக்கு ஸ்பிரிட் விளக்கு. சுடரைச் சுற்றுக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, நிற்காமல் ஒருமுறை ஓட்டினால் போதும். எபாக்ஸி இளகிக் குமிழிகள் உடைந்து மட்டமாகும். நிறுத்திவிட்டால் நைலான் நூல் கருகும், கார்பன் தண்டின் பிசினும் கெடும். சிகரெட் லைட்டரின் மஞ்சள் சுடர் கரியைப் படியவைக்கும், வேண்டாம். ஸ்ட்ரா வைத்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். குமிழி உடையும், வாஸ்தவம்தான், ஆனால் வாய்க்காற்றில் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தே வருகின்றன. மழைக்காலத்தில் எபாக்ஸியின் இரண்டு எதிரிகளும் அவைதான்.

ஹார்ட்னரில் இருப்பது அமீன். அது ரெசினோடு சேரவேண்டியது. காற்றில் ஈரம் மிகுந்து, வெப்பம் குறைந்து, இறுகுவது தாமதமாகும்போது மேற்பரப்பில் இருக்கும் அமீன் ரெசினை விட்டுவிட்டுக் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்துகொள்கிறது. விடிந்து பார்த்தால் பூச்சின் மேல் மெழுகு தடவியது மாதிரி ஒரு மங்கல். தொட்டால் வழுக்கும். இதைக் காயாத எபாக்ஸி என்று நினைத்து மேலே இரண்டாவது பூச்சை ஏற்றினால் அது பிடிக்காது. திட்டுத் திட்டாக விலகும், அல்லது சில மாதத்தில் தோலாக உரியும். தின்னரும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைப்பது பயன்தராது. அந்த மெழுகு நீரில் கரைவது. வெதுவெதுப்பான நீர், ஒரு துளி பாத்திர சோப்பு, மெத்தென்ற பஞ்சு. கழுவித் துடைத்து முழுக்கக் காயவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது பூச்சைப் பூசலாம். எல்லா எபாக்ஸியும் ஒரே அளவில் இப்படி மங்குவதில்லை. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் எதையும் நம்பி ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பிளாட்டில் இடமில்லாமல் சமையலறையிலேயே ராடைச் சுற்றவிடுகிறவர்கள் உண்டு. அறைகளில் அதுதான் கதகதப்பானது என்பது அவர்கள் நியாயம். கேஸ் எரியும்போது வெளிவருவது நீராவியும் கரியமில வாயுவும். அதற்கு மேல் குக்கர் விசில், அதற்கும் மேல் தாளிப்பின் எண்ணெய்ப்புகை. எபாக்ஸிக்கு ஆகாத மூன்றும் ஒரே அறையில். என் மனைவி என்னை அங்கிருந்து விரட்டியது வேறு காரணத்துக்காக, ஆனால் அது ராடுக்கு நல்லதாகவே முடிந்தது.

நான் செய்வது எளிது. ராட் நுழையும் நீளத்துக்கு இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகளைக் கோத்து ஒரு நீள்பெட்டி. உள்ளே ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பு, அட்டையிலிருந்தும் ராடிலிருந்தும் நன்றாகத் தள்ளி, கம்பிக் கூண்டுக்குள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு தராது. ஈரமான காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத விகிதம் தானாக இறங்கும்; ஒரே பல்பில் இரண்டு வேலையும் நடக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் வந்த பிறகுதான் புட்டியைத் திறப்பேன். ராடும் முன்கூட்டியே பெட்டிக்குள் அரைமணி இருந்து சூடேறியிருக்க வேண்டும். பல்பு எரியும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், இரவில் எரியவிட்டுப் படுக்கக் கூடாது. அதனால்தான் நான் பூசுவது ஞாயிறு காலையில். மாலையில் பூசுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மழை விட்ட அந்தி நேரத்தில் விளக்கைத் தேடி ஈசல் வரும். இறுகாத எபாக்ஸியில் ஒரு சிறகு ஒட்டினால் இடுக்கியால் எடுக்கலாம். சிறகு உடைந்தால் அது ராடின் ஆயுளுக்கும் உள்ளேதான்.

ஏப்ரல், மே மாதத்துக் கணக்கு நேரெதிர். தாளில் முப்பது நிமிடம் என்று போட்டிருப்பது பதினைந்தாகச் சுருங்கும். ஒரு ராடில் பத்துப் பன்னிரண்டு கைடு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கலவையில் முடிக்க நினைத்தால் கடைசி நாலு கைடுக்கு வரும்போது பிரஷில் நூல் நூலாக இழுக்கும். அப்படி இழுக்கத் தொடங்கிய கலவையை ஸ்பிரிட் விட்டு இளக்காமல் எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். விடியற்காலையில் தொடங்குவது இன்னும் நல்லது.

பூசும் முன் சுத்தம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட கையால் நூல் சுற்றியிருந்தால் சிலிகான் செய்யும் அதே வேலையைத் தேங்காய் எண்ணெயும் செய்யும். தண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நூல் சுற்றுங்கள். கொரோனா காலத்து சானிடைசர் மீந்திருக்கிறதே என்று எடுக்காதீர்கள். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். காரின் டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகான் பாலிஷ் ஸ்பிரேயும் அந்த அறைப்பக்கமே வரக் கூடாது.

நூலைப் பற்றிக் கொஞ்சம். தையல்கடை பாலியெஸ்டர் நூல் மலிவு, ஆனால் அது இழைகளை முறுக்கியது, ரோமம் ரோமமாக நிற்கும். எபாக்ஸி அந்த ரோமங்களில் ஏறி முள்முள்ளாக இறுகும். ராடுக்கான நைலான் நூல் வழுவழுப்பானது. அதில் கிளம்பும் ஒன்றிரண்டு ரோமத்தை மட்டும் சுடரைத் தூரத்தில் காட்டிப் பொசுக்கிவிடலாம். சாதாரண நைலான் எபாக்ஸியைக் குடித்ததும் நிறம் கறுத்து, ஓரளவு ஒளி ஊடுருவுவதாக மாறும், சிவப்பு மெரூனாகும். அது பிடிக்காதவர்கள் முதலில் கலர் பிரிசர்வர் பூசுகிறார்கள். நிறம் நிற்கும், ஆனால் நூலுக்குள் எபாக்ஸி இறங்கும் வழி குறையும். நிறம் மாறாதபடியே தயாரித்த நூல் தனியாக வருகிறது, பெரிய மீனுக்கான ராட் என்றால் நான் அதையே சொல்வேன். சிக்பேட்டில் பட்டுநூல் வாங்கிச் சுற்றினால் ஒளி இன்னும் அதிகமாக ஊடுருவும். உள்ளிருக்கும் கைடு பாதமே தெரியும். பழைய மூங்கில் ராடுக்கு அது அழகு. கார்பனில் கரிய தண்டின் மேல் எந்தப் பட்டும் சேற்று நிறமாகிவிடுகிறது. முதலில் ஒரு உடைந்த துண்டில் சுற்றிப் பூசிப் பாருங்கள்.

கையுறை பற்றி அலட்சியம் கூடாது. நைட்ரைல் கையுறை, ஜன்னல் திறந்த அறை. எபாக்ஸி தோலில் பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அதுதான் ஆபத்து. பலமுறை பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்தால் அது போகாது. அதன்பிறகு புட்டியைத் திறந்தாலே கை தடித்து அரிக்கும். தோலில் பட்டால் காகிதத்தால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் போட்டால் அது எபாக்ஸியைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகும். மீந்த கலவையைக் குழாயடியில் ஊற்றக் கூடாது. இறுகவிட்டு உலர்குப்பையில் போட வேண்டும்.

இரண்டாவது பூச்சு, முதலாவது இறுகிய பிறகு, ஒரு நாளுக்குள். ஒரு நாளுக்கு மேல் தள்ளிப்போனால் நைசான உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்றுவிட்டுப் பூசுங்கள், இல்லையென்றால் புதியது பழையதைப் பிடிக்காது. மறுநாள் தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும், முழு வலு வர ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் ராடைத் துணி உறைக்குள் போட்டால் நெசவின் அச்சு பூச்சில் பதியும்.

சேலத்துத் தம்பியின் ராடை நாங்கள் பிரிக்கவில்லை. பிசுபிசுப்பு கொஞ்சமாக இருந்தால், சரியாகக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை மேலே ஏற்றினாலே பெரும்பாலும் போதும். அடியில் இருப்பது அடைபட்டுவிடும். விரலை வைத்தால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகி இருந்தால் பிரிப்பதுதான் வழி. பழைய மஹ்சீர் ராட்களுக்கும் அதே முறை. ஹேர் டிரையரால் சூடேற்றி எபாக்ஸி மெத்தென்று ஆனதும் பிளேடால் நீளவாட்டில் கீறுங்கள். பிளேடு கைடு பாதத்தின் மேல்தான் ஓட வேண்டும். அடியில் உலோகம் இருக்கிறது, தாங்கும். அவசரத்தில் தண்டின் மேல் ஒரு கீறல் விழுந்தால் கார்பன் இழை அறுந்துவிடும், ராட் ஒடிவது அடுத்த பெரிய மீனில் அந்த இடத்தில்தான். கீறிய நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மொத்தச் சுற்றும் பட்டையாகக் கழன்று வரும். தண்டில் ஒட்டிய மிச்சத்தை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பாலோ சுரண்டுங்கள். அதற்கு பிளேடு வேண்டாம்.